அப்பிள் பிடுங்கப் போகிறீர்களா?

ரொறன்ரோவிலிருந்து மில்டன் பக்கம் அப்பிள் பிடுங்கப் போவதென்றால் செப்டெம்பர் நடுப்பகுதி திறம். மக்கின்ரொஷ் அப்போதுதான் பழுக்கும். 1811இல் ஒன்ராறியோவிலேயே கண்டெடுத்த இனம், என் ஓட்டு அதற்குத்தான். (ஹனிகிறிஸ்ப் என்ற இன்னோர் இனத்துக்கு வீட்டில் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், அது வேறு கதை.) சனி, ஞாயிறென்றால் தோட்டம் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள்.

பழத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம். உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, மெல்லத் திருகினால் காம்போடு வரும். அடுத்த வருஷத்து மொட்டும் தப்பும். சின்னவர்களுக்குச் சேறுபட்டாலும் பரவாயில்லாத சப்பாத்து.

தோட்டத்தில் பூசணியும் எடுப்பதென்றால், அதைக் காம்பில் பிடித்துத் தூக்கப் பிள்ளைகளை விடாதீர்கள், காம்பு முறிந்துவிடும். ஹலோவீனுக்கு முகம் வெட்டும் பெரிய பூசணி கறிக்குத் தண்ணியாகச் சப்பென்றிருக்கும். சமைக்கவென்றால் சின்னப் ‘பை’ (pie) பூசணியாகப் பார்த்து வாங்குங்கள்.