மறைந்துபோன விளையாட்டுக் கழகத்தின் வரலாற்றை எழுதும் முறை

சிங்கப்பூரில் தமிழர்கள் கூடி நடத்திய சிறு விளையாட்டுக் கழகங்கள் பலவற்றுக்கு இன்று பதிவும் இல்லை, திடலும் இல்லை. கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்களும் கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்களும் மாலை நேரத்தில் ஒன்றுகூடிப் பந்தாடினார்கள். ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் இன்று நம்மோடு இருப்பவர்கள் எழுபது, எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். கழகத்தின் கூட்டக் குறிப்பேடு ஒருவர் வீட்டு அலமாரியிலும், சுழற்கோப்பை இன்னொருவர் வீட்டிலும் இருக்கும். வீடு மாறும்போது கோப்பையை யாராவது எடுத்து வைப்பார்கள், குறிப்பேடு குப்பைக்குப் போய்விடும். ஆகவே உங்கள் தந்தையோ தாத்தாவோ ஆடிய கழகத்தின் கதையை எழுத எண்ணியிருந்தால், இந்த ஆண்டே தொடங்குங்கள்.

வென்ற கோப்பைகளை வரிசையாக எழுதி, பழைய புகைப்படங்களைச் சேர்த்து, "பின்னர் கழகம் செயலிழந்தது" என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கமாக இருக்கிறது. அந்த ஒரு வரியை விரித்து எழுதுவதற்கே இந்த வழிகாட்டி. கழகம் எந்த இடத்தில் ஆடியது, செலவுக்கான பணம் எங்கிருந்து வந்தது, ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்து எங்கே போனார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆண்டுவாரியாக விடை எழுதிவிட்டால், கழகம் ஏன் வளர்ந்தது, ஏன் சரிந்தது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். ஒரு பெரிய தாளில் ஆண்டுக்கு ஒரு வரி, கேள்விக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெற்றி தோல்விகளை ஓரத்தில் குறித்தால் போதும்.

முதலில் தொலைவான ஒரு கழகத்தில் பழகுங்கள்

நம் சொந்தக் கழகத்தின் மீதுள்ள பாசம் கண்ணை மறைக்கும். அதனால், நமக்கு உறவோ பகையோ இல்லாத ஒரு கழகத்தை எடுத்து இந்த முறையைப் பழகிக்கொள்வது நல்லது. நான் பரிந்துரைப்பது, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் வின்னிப்பெக் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கெனோரா என்ற சிற்றூரின் ஐஸ் ஹாக்கிக் கழகமான திசில்ஸ். அதன் எழுச்சியும் வீழ்ச்சியும் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுவதாலும், ஆட்ட விவரங்கள் தெளிவாகப் பதிவாகியிருப்பதாலும் பயிற்சிக்கு இது மிகவும் ஏற்றது.

ஏரிக்கரையில், ரயில் பாதையையும் மரம் அறுக்கும் ஆலைகளையும் நம்பி வளர்ந்த அந்த ஊருக்கு 1905 வரை ராட் போர்ட்டேஜ் என்று பெயர். (இங்கேயே ஒரு பாடம் இருக்கிறது: ஊரும் கழகமும் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரிலும் தேட வேண்டும்.) இந்தக் கழகம் ஸ்டான்லி கோப்பைக்காக (கனடாவின் தலையாய ஐஸ் ஹாக்கிப் பரிசு; அதை வைத்திருந்த அணிக்கு மற்ற அணிகள் அப்போது சவால் விட்டு ஆடலாம்) 1903இல் ஒட்டாவா அணியை எதிர்த்துத் தோற்றது, 1905இல் மீண்டும் சென்று முதல் ஆட்டத்தை 9-3 என வென்றும் அடுத்த இரண்டையும் இழந்தது, 1907 ஜனவரியில் மொண்ட்ரியால் வாண்டரர்ஸ் அணியை அதன் சொந்த நகரிலேயே 4-2, 8-6 என இரு ஆட்டங்களிலும் வீழ்த்திக் கோப்பையைக் கைப்பற்றியது. ஸ்டான்லி கோப்பையை வென்ற ஊர்களில் மிகச் சிறியது இன்றுவரை கெனோராதான். அந்த அணியின் டாமி பிலிப்ஸ், டாம் ஹூப்பர், பில்லி மெக்கிம்சி, சை கிரிஃபிஸ் ஆகிய நால்வரும் பிற்காலத்தில் ஹாக்கிப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வாண்டரர்ஸ் மீண்டும் மோதி, 7-2 என வென்று, 6-5 எனத் தோற்று, மொத்தக் கோல் கணக்கில் 12-8 என முன்னிலை பெற்றுக் கோப்பையைத் திரும்பப் பெற்றது. கெனோராவிடம் கோப்பை இருந்தது இரண்டே மாதங்கள். அதன் பிறகு அந்தக் கழகம் ஸ்டான்லி கோப்பைக்காக ஆடவே இல்லை.

கோப்பைக் கணக்கை மட்டும் பார்த்தால் இது ஒரு திடீர் முடிவாகத் தோன்றும். மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பல ஆண்டுகள் அந்த ஊரில் ஒன்றாக வளர்ந்து ஆடிய இளைஞர்களே அணியின் உயிர். ஆனால் 1907 ஜனவரியிலேயே பிராண்டன் அணியிலிருந்து ஆர்ட் ராஸ் இரவலாக வந்து ஆடினார். மார்ச் மாதத்தில் ஒட்டாவாவின் ஆல்ஃப் ஸ்மித்தையும் ஹாரி வெஸ்ட்விக்கையும் சேர்த்துக்கொண்டபோது, அவர்கள் ஆடத் தகுதி உள்ளவர்களா என்ற சர்ச்சையே எழுந்தது. வெற்றியின் உச்சியிலேயே ஊரின் ஆள்பலம் போதவில்லை என்பதை இது காட்டுகிறது. எங்கே ஆடினார்கள்? கோப்பையைக் காக்கும் அந்த இரு ஆட்டங்களும் கெனோராவில் நடக்கவில்லை, வின்னிப்பெக்கில் நடந்தன. அப்படியானால் நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஊருக்கு எவ்வளவு வந்திருக்கும் என்ற கேள்வியை உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணம்? 1906-07 பருவத்திலிருந்து கிழக்குக் கனடாவின் முதன்மைச் சங்கம், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களும் அமெச்சூர்களோடு சேர்ந்து ஆடலாம் என்று அனுமதித்தது. அதற்குப் பின் பெருநகரங்கள் கொடுக்கக்கூடிய தொகையைச் சிற்றூர் கொடுக்க இயலாது. அணித்தலைவர் பிலிப்ஸ் அடுத்த குளிர்காலத்தில் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். கழகத்தைத் தேய்த்தது மார்ச் மாதத் தோல்வி அல்ல. ஆட்டத்தின் பொருளாதாரம் மாறியதே காரணம் என்பது என் தீர்ப்பு.

இதோடு டிரெயில் என்ற மற்றொரு சிற்றூரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் உலோக உருக்காலையைச் சுற்றி எழுந்த ஊர் அது. அதன் ஸ்மோக் ஈட்டர்ஸ் கழகம் கனடாவின் சார்பில் 1939இலும் 1961இலும் உலக வெற்றியாளர் பட்டம் வென்றது. 1961இல் ஜெனீவாவில் சோவியத் அணியை 5-1 என வீழ்த்தியது. சில ஆண்டுகளுக்குள் கனடா ஊர்க் கழகங்களை அனுப்பும் முறையைக் கைவிட்டுத் தேசிய அணியை அமைத்தது. அடுத்த உலகப் பட்டத்துக்கு அந்நாடு 1994 வரை காத்திருந்தது. கழகத்தின் மேல் பிழையே இல்லாதபோதும், அதற்கு மேலே உள்ள அமைப்பு மாறினால் அதன் இடம் இல்லாமல் போகும்.

ஆடுமிடத்தின் வரலாறு

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியே எல்லாவற்றிலும் கனமானது. ஐஸ் ஹாக்கியையே எடுத்துக்கொள்வோம். ஜூரோங் ஈஸ்டில் இருந்த ஜேகியூப் கடைத்தொகுதியில் ஒலிம்பிக் அளவுள்ள பனித்தளம் 2012இல் திறக்கப்பட்டது. கடைத்தொகுதி 2023 ஆகஸ்டில் மூடப்பட்டபோது தளமும் மூடப்பட்டது. வெப்பமண்டல நாட்டில் பனித்தளம் மின்சாரத்தால் மட்டுமே நிலைக்கும். அது யாருடைய கட்டடத்தில் இருக்கிறதோ அவருடைய முடிவே அங்கு ஆடும் அணிகளின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

புல்தரையில் ஆடிய நம் கழகங்களுக்கும் நிலம் அதே அளவு முக்கியம். 1966இல் இயற்றப்பட்ட நிலக் கையகப்படுத்தல் சட்டத்துக்குப் பின் கம்பங்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. ஒரே வரிசையில் வாழ்ந்த பதினொரு பேர் தீவின் வெவ்வேறு மூலைகளுக்குப் பிரிந்த பிறகு, வேலை முடிந்து வந்து பயிற்சிக்குக் கூடுவது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டி இருந்த கழகம் என்றால், பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் முடிவு 1968இல் அறிவிக்கப்பட்டு 1971இல் நிறைவேறியதையும், 1967இல் தொடங்கிய தேசிய சேவையால் பதினெட்டு வயது இளைஞர்கள் முழுநேரப் பணிக்குப் போனதையும் ஆண்டுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய நிலப்படங்களில் திடலைத் தேடிக் கண்டுபிடித்து, அது எந்த ஆண்டின் படத்தில் கடைசியாகத் தெரிகிறது என்று பாருங்கள்.

செய்தித்தாளும் மலரும்

தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசையும் ஆங்கில நாளிதழ்களையும் தேடிப் படிக்கலாம். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களைக் கணினி தவறாக வாசிக்கும். ஆகவே ஒரு சொல்லில் எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக நிறுத்திவிடாமல், ஆட்டம் நடந்த வாரத்தின் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள். செயலாளர் என்பதற்குக் காரியதரிசி என்றும், தலைவர் என்பதற்கு அக்கிராசனர் என்றும் பழைய இதழ்களில் தேட வேண்டும். ஆங்கில இதழ்களில் ஒரே ஆட்டக்காரரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் கழகங்களுக்கு இன்னொரு அரிய சான்று உண்டு. அது ஆண்டு விழா மலர். வாழ்த்துரைகளைத் தாண்டி விளம்பரப் பக்கங்களுக்குச் செல்லுங்கள். எந்த மளிகைக் கடை முழுப் பக்கம் கொடுத்தது, எந்த நகைக்கடை அரைப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது, எந்த ஆண்டில் விளம்பரங்கள் மெலிந்தன என்று எண்ணிப் பார்த்தால், கணக்குப் புத்தகம் தொலைந்த கழகத்துக்கும் ஓரளவு நிதிநிலை வரலாறு கிடைத்துவிடும். எனக்குத் தெரிந்து யாரும் பத்திரப்படுத்தாத, ஆனால் மிகவும் பயன் தரும் சான்று இதுவே.

பெரியவர்களிடம் கேட்கும்போது

தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்து வருகிறது. முதலில் அந்தப் பதிவுகளில் சிலவற்றைக் கேட்டு, நேர்காண்பவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். பிறகு உங்கள் பெரியவரைத் தேடிப் போங்கள். அவர் வழக்கமாக உட்காரும் காப்பிக்கடையின் சத்தத்தில் பதிவு கெட்டுவிடும், வீட்டிலேயே பதிவுசெய்யுங்கள். பதிவதற்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள்.

"மறக்க முடியாத ஆட்டம் எது?" என்று தொடங்கினால், பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையே வரும். "ஐயா, சட்டைகளை யார் துவைத்தார்கள்? பந்து வாங்கப் பணம் யார் கொடுத்தார்? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவீர்கள்?" என்று கேட்டால் இடமும் பணமும் ஆட்களும் தாமாகவே பேச்சுக்குள் வந்துவிடும். சட்டை துவைத்த அக்காவையும் ஆட்டம் முடிந்தபின் அணிக்கே சமைத்துப் போட்ட அம்மாவையும் தேடிச் சென்று கேளுங்கள். குறிப்பேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. கழகம் எப்போது தளர்ந்தது என்பது, உணவு கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்து அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

வீழ்ச்சியை எழுதுதல்

சண்டை இல்லாமல் மூடப்பட்ட கழகம் அரிது. கணக்குத் தகராறு, தேர்தல் பிணக்கு, இரண்டு அணிகளாகப் பிரிந்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் அதே கோவிலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இரு தரப்பையும் கேட்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஒரு தரப்பு மறைந்துவிட்டிருந்தால், நடந்த செயலைச் சொல்லி, நோக்கத்தைக் கற்பிக்காமல் விடுங்கள். பிறகு உங்கள் ஆண்டுவரிசைத் தாளைப் பாருங்கள்: சண்டை வந்த ஆண்டுக்கு முன்பே திடல் போயிருக்கிறதா, புரவலர் தொழிலை மூடியிருக்கிறாரா, இளைஞர் வரவு நின்றிருக்கிறதா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சுருங்கிப்போன கழகத்தில் எஞ்சியவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டியதை வீழ்ச்சியின் காரணமாக எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

முடிவு நாளையும் ஊகித்து எழுதக் கூடாது. கடைசி ஆட்டம், கடைசிப் பொதுக்கூட்டம், பதிவு நீக்கப்பட்ட நாள் ஆகிய மூன்றுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கலாம். கிடைத்தவரை மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். கையெழுத்துப் படியைப் பேட்டி கொடுத்த ஒவ்வொருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கண் பார்வை குறைந்தவர்களுக்கு நீங்களே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

அச்சிட்டபின் வெளியீட்டு நாளிலிருந்து நான்கு வாரங்களுக்குள் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கிய புகைப்படங்களை நகலெடுத்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதி, அந்தத் தாளின் ஒரு பிரதியோடு மூலப்படங்களை உரியவர்களிடம் நேரில் திருப்பிக் கொடுங்கள். குறிப்பேட்டை வைத்துக்கொள்ள அந்தக் குடும்பத்தில் யாரும் முன்வராவிட்டால், அவர்களின் எழுத்துமூலமான ஒப்புதலோடு, அதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று தேசிய ஆவணக் காப்பகத்திடமோ கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடமோ கேளுங்கள்.