கடைசிக் கதிரைக்குக் கேட்கிறதா? கூட்ட அறைக் கருவிகளைத் தெரிவு செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காணொளிக் கூட்டங்களுக்கான கருவிகளைப் பொருத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்கள் தயாரிக்கும் விலைமனுக்களைப் பார்க்கும்போது, ஆரம்பத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். மைக்கை அணைத்துவிட்டுப் பேசுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரே நாளில் திருந்திவிடும். பணம் கொடுத்து, சுவரில் துளையிட்டு, எல்லாவற்றையும் பொருத்திய பின்னரே தெரியவரும் தவறுகளே என் கவலை.

சிறிய அறையின் கமராவைப் பெரிய அறையில் பொருத்துவது

நான்கைந்து பேர் அமரும் அறையில் கமராவுக்கும் முதற் கதிரைக்கும் இடையே ஒன்றரை மீற்றர்கூட இருப்பதில்லை. ஆகவே, அங்கே கிடைமட்டமாக 120 பாகை அளவுக்குக் காட்டும் வில்லை தேவைப்படுகிறது. அதே கமராவை 8 மீற்றர் நீளமான அறையில் வைத்தால், மறுமுனையில் அது 27 மீற்றருக்கும் அதிகமான அகலத்தைப் பிடிக்கப் பார்க்கும். அறையின் அகலமோ 5 மீற்றர்தான். கடைசி வரிசையில் இருப்பவர்கள் படத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குள் ஒடுங்கிப்போக, மிச்சமெல்லாம் பக்கச் சுவராகவே தெரியும். அந்தத் தொலைவுக்கு 35 பாகை போதுமானது. அதற்கு ஒளியியல் ஸூம் உள்ள கமரா வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பாகை பல வேளைகளில் மூலைவிட்டக் கோணம், கிடைமட்டக் கோணம் அதைவிடக் குறைவு என்பதையும் கவனியுங்கள்.

4கே மோகம்

மிக நுண்ணிய படம் தரும் 4கே கமராவை வாங்கினாலும், கூட்டச் செயலிகள் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த 720 அல்லது 1080 வரி அளவிலேயே படத்தை அனுப்புகின்றன.

ஒலியைக் கடைசியில் யோசிப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அதிகப் பணத்தை விழுங்குவதும் இதுவே.

கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் பல மாடிக் கட்டடமொன்றில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் பணிப்பாளர் சபை அறையில் பதினான்கு கதிரைகள், இரு பக்கமும் கண்ணாடி, தரையில் பளபளக்கும் டைல்ஸ். ஒதுக்கிய பணத்தில் பெரும் பகுதி திரைக்கே போய்விட்டது. மிஞ்சியதைக் கொண்டு, கமரா, மைக், ஒலிபெருக்கி மூன்றும் ஒன்றாக அமைந்த, சிறிய அறைக்கென்றே செய்யப்பட்ட பார் ஒன்றை வாங்கித் திரைக்குக் கீழே பூட்டினார்கள். திரைக்கு நேர் மேலே ஸ்பிளிட் ஏசி. மேசையின் மறுமுனையில் இருந்த கணக்காளர் பேசியது, சிங்கப்பூரில் இருந்தவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இணையத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டி இணைப்பின் வேகத்தைக் கூட்டினார்கள், சரிவரவில்லை. பிறகு, நம்புவீர்களோ தெரியாது, கமராவை மாற்றினார்கள். அதன் பின்னர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு மேசை மைக்கை வாங்கி வந்து கணினியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் பழைய பாரிலிருந்தே வரவிட்டார்கள். எதிரொலியை நீக்கும் கருவி, தான் எந்த ஒலியை வெளியிட்டது என்று அறிந்திருந்தால்தான் அதைக் கழிக்க முடியும். வேறொரு கருவியிலிருந்து வந்த ஒலி அந்த மைக்குக்குப் புதுப் பேச்சாகவே பட்டது. சிங்கப்பூரில் இருந்தவர்கள் தங்கள் குரலையே திரும்பக் கேட்டார்கள். எங்களை அழைத்த வேளையில், முதலிலேயே சரியான கருவியை வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைத் தாண்டிவிட்டிருந்தார்கள்.

காரணம் எளிது. பேசுபவரின் வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறைகிறது; 1 மீற்றரில் இருந்ததைவிட 8 மீற்றரில் அது 18 டெசிபல் குறைவாகவே வந்து சேரும். கண்ணாடியிலும் டைல்ஸிலும் பட்டுத் திரும்பும் ஒலியோ அறையெங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்திருக்கும். ஆகவே, குறிப்பிட்ட ஒரு தொலைவுக்கு அப்பால் மைக்குக்குப் பேச்சைவிட அறையின் முழக்கமே அதிகமாகக் கிடைக்கிறது. ஒலியளவைக் கூட்டினால் முழக்கமும் ஏசி இரைச்சலும் சேர்ந்தே கூடும். மைக் எட்டும் தூரமாகப் பெட்டியில் போட்டிருக்கும் மீற்றர் கணக்கு அமைதியான, முழக்கம் குறைந்த அறைக்கு உரியது. அதை அப்படியே நம்பி விலைமனு எழுதக்கூடாது.

மூன்று, நான்கு மீற்றருக்குள் அடங்கும் அறைக்குப் பார் ஒன்றே போதும். அதற்கு மேல் போனால், அதே பாருடன் இணையும் நீட்டிப்பு மைக்குகளை மேசையில் வைக்க வேண்டும், அல்லது கூரை மைக்கைப் பொருத்த வேண்டும். கூரை மைக் ஏசி காற்று வரும் வழியில் அமையக்கூடாது. ஆனால் எதை வாங்குவதற்கு முன்னும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை நீண்டு ஒலித்தால், முதற் செலவு கண்ணாடிக்குத் தடித்த திரைச்சீலையும் எதிர்ச் சுவருக்கு ஒலியுறிஞ்சும் பலகையுமாக இருக்கட்டும். கம்பளம் விரிக்கச் சொன்னால் கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும் என்பார்கள். அது நியாயமான பேச்சுதான்.

யன்னலைப் பார்த்தபடி கமரா

காலி வீதியின் கடற்பக்க அறைகளில் பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து நேரே வரும். யன்னலுக்கு முன்னால் அமர்ந்திருப்பவர் வெறும் நிழலாகவே தெரிவார்.

60 ஹேர்ட்ஸ்

இலங்கையில் நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவின் அமைப்பில் 60 என்றிருப்பதை 50க்கு மாற்றாவிட்டால் விளக்கொளி படத்தில் துடிக்கும்.

நீண்ட யூஎஸ்பி கேபிள்

சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீற்றரே எல்லை. திரையிலிருந்து மேசைக்கு, சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் வளைந்து போகும் வழியை அளந்தால் அது சுலபமாகப் பத்தைத் தாண்டும். கேட் 6 என்ற வலையமைப்புக் கேபிளில் இயங்கும் யூஎஸ்பி நீட்டிப்பானை விலைமனுவிலேயே சேர்த்துவிடுங்கள். சுவரைப் பூசிய பிறகு சேர்க்க முடியாது.

யூபிஎஸ்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட பிறகும் திரைக்கு மட்டும் யூபிஎஸ் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ரவுட்டரும் வலையமைப்பு ஸ்விட்சும் அணைந்தால் திரை எதைக் காட்டும்?

சோதிக்காமல் கையொப்பமிடுவது

ஒப்படைக்கும் நாளில், திரைக்கு அருகில் நின்று "ஹலோ" சொல்லிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஏசியை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டு, கதவை மூடி, கடைசிக் கதிரையில் ஒருவரை அமர்த்தி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் சாதாரணக் குரலில் ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து இணைந்திருப்பவர் அதைப் பதிவு செய்து அனுப்பட்டும். அந்தப் பதிவைக் கேட்ட பிறகே முகாமையாளர் கையொப்பமிட வேண்டும்.