சோழமண்டலக் கடற்போர்களைப் படிப்பது எப்படி: முதலில் தேதி, பிறகு காற்று

1746, 1758, 1782. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மூன்று முறை நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் மோதினார்கள். முதல் இரண்டு தடவையும் அந்த ஊர் டச்சுக்காரர் வசம் இருந்தது. பிறகு ஏன் அங்கே? பீரங்கிகளை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்காது.

முதலில் தேதியை நேர்செய்யுங்கள். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய (ஜூலியன்) நாட்காட்டியில் எழுதினார்கள். அவர்கள் தேதியோடு 17ஆம் நூற்றாண்டுக்கு 10 நாள், 1700 மார்ச்சிலிருந்து 11 நாள் கூட்ட வேண்டும். 1746 போர் ஆங்கிலக் கணக்கில் ஜூன் 25, பிரெஞ்சுக் கணக்கில் ஜூலை 6, நாள் ஒன்றுதான். இதைக் கவனிக்காவிட்டால் ஒரு போர் இரண்டாகிவிடும். ஆங்கிலேயரின் ஆண்டும் அப்போது மார்ச் 25இல்தான் பிறக்கும். அவர்கள் எழுதிய 1693 பிப்ரவரி நமக்கு 1694. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தமிழ்த் தேதிகளுக்கு இன்றைய காலண்டரைப் பிடிக்காதீர்கள். அன்று மாதப்பிறப்பு நான்கைந்து நாள் முந்தியே வந்தது.

அடுத்து காற்று. கோடையில் சோழகமும் (தென்காற்றும்) நீரோட்டமும் வடக்கு நோக்கித் தள்ளும். தெற்கே நிற்பவர் நினைத்த நேரத்தில் எதிரிமேல் இறங்கலாம். வடக்கே இருப்பவர் காற்றை எதிர்த்து ஏறவேண்டும். கடலூர், புதுச்சேரி, சென்னை மூன்றுக்கும் தெற்கே நாகப்பட்டினம். வரைபடத்தில் காற்றுத் திசையை அம்புக்குறியாகப் போட்டால் புதிர் தீர்ந்துவிடும்.

ஐப்பசியில் வாடை திரும்பியதும் எல்லாம் மாறும். இந்தக் கரையில் அன்று மூடிய துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம்தான். பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனே 1746 செப்டம்பர் 21இல் சென்னையைப் பிடித்தார். அக்டோபர் 13 இரவுப் புயல் அவர் கப்பல்களைச் சிதறடித்தது. கார்த்திகையோடு ஆபத்து தீர்ந்ததென்றும் நினைக்க வேண்டாம்: 1761 ஆங்கிலப் புத்தாண்டையொட்டிய புயலில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் பல அழிந்தன.

சரக்கு இறக்குவதையும் கணக்கில் சேருங்கள். கப்பல் தொலைவில் நிற்க, அலையைக் கடப்பது மசூலாப் படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு தரைதட்டும்போது விரிசல் விடும், தைத்தது வளைந்து கொடுக்கும். அலை மிஞ்சினால் அதுவும் போகாது. கடல்வழி வரும் படை, வெடிமருந்து, அரிசி எல்லாம் அங்கேயே தேங்கும்.

கடைசியாக, வாடைக் காலத்தில் யார் எங்கே ஒதுங்கினார், யார் முதலில் திரும்பினார் என்று இரண்டு நெடுவரிசைகளில் எழுதுங்கள். ஆங்கிலேயர் பெரும்பாலும் பம்பாய்க்குப் போனார்கள், பழுதுபார்க்க உலர்துறை இருந்ததால். பிரெஞ்சுக்காரருக்கு மொரீஷியஸ், தூரம் அதிகம். 1758 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் தஷே அங்கே போய்விட்டார். பிரெஞ்சுத் தரைப்படைத் தலைவர் லாலி டிசம்பரில் கப்பல் துணையில்லாமல் சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி 16இல் ஆங்கிலக் கப்பல்கள் எதிரே வந்து நின்றதும் முற்றுகையைக் கைவிட்டார். தஷே இந்தக் கரைக்குத் திரும்பியது அந்த செப்டம்பரில்தான்.