பழைய லைட்டாக் பெட்டியை லினக்ஸ்ல பேச வைக்கிறது எப்படி (ஒரு வாரம் முழிச்ச கதையோட)

எனக்குப் பார்வை கிடையாது. லினக்ஸ் கன்சோல்ல ஸ்பீக்கப் (ஸ்கிரீன்ல இருக்கிறதைப் படிச்சுக் காட்டுற ஸ்கிரீன் ரீடர்) வச்சுத்தான் வேலை பார்க்கிறேன், இத்தனை வருஷமா ஈஸ்பீக்ங்கிற சாஃப்ட்வேர் குரல்தான். போன மாசம் எங்க சீனியர் ஒருத்தர் வீடு மாத்துறப்போ "இது வேணும்னா எடுத்துட்டுப் போப்பா, இல்லன்னா பழைய இரும்புக்குத்தான்"னு ஒரு லைட்டாக் சிந்தசைசரைக் கையில குடுத்தார். பேசுற சிப் உள்ளயே இருக்கிற சின்னப் பெட்டி, சீரியல் கேபிள்ல எழுத்தை அனுப்பினா அதுவே வாசிக்கும், ஆனா இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ் வாசிக்கணும்னா ஈஸ்பீக் என்ஜிக்குத்தான் போகணும், அதை முதல்லயே சொல்லிடுறேன், பிறகு திட்டக்கூடாது.

ஈஸ்பீக் இருக்கிறப்போ இது எதுக்குன்னு கேப்பீங்க. ஸ்பீக்கப் கெர்னலுக்குள்ளயே இருக்கு, பெட்டிக்கு நேரா அனுப்புது, நடுவுல சவுண்ட் கார்டும் இல்ல, பல்ஸ் ஆடியோ மாதிரி சவுண்ட் சாஃப்ட்வேரும் இல்ல. ஒரு கீயைத் தட்டின நிமிஷம் வாயை மூடும். அந்த வேகத்துக்குப் பழகிட்டா திரும்ப மனசு வராது.

கமாண்டுகளை எல்லாம் போன்ல என் தம்பிக்குச் சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டைப் பண்றப்போ நீங்க இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, டிடிஒய் யூஎஸ்பி 0ங்கிற பேர்ல வர்ற யூஎஸ்பி மட்டும் பெரிய எழுத்து, அந்தப் பேருக்கு நடுவுல ஸ்பேஸ் கிடையாது. ரூட்டா இருக்கணும், டெக்ஸ்ட் கன்சோல்ல இருக்கணும் (கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3). கிராஃபிக்ஸ் ஸ்கிரீன்ல ஸ்பீக்கப் எதையும் படிக்காது, அங்க ஆர்க்காங்கிற ஸ்கிரீன் ரீடர், அது வேற கதை.

முதல் படி, யூஎஸ்பி டு சீரியல் கன்வெர்ட்டர். இப்ப வர்ற லேப்டாப்ல பெரும்பாலும் சீரியல் போர்ட் இல்லையே. எஃப்டிடிஐ சிப் வச்சது வாங்குங்க, இருநூறு முந்நூறு கூடப் போனாலும் பரவாயில்ல, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய விளக்கங்கள்ல யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஸ்பீக்கப்புக்கு ஆகவே ஆகாதுன்னு இருக்கும். அது ஒரு காலத்துல உண்மை, அப்ப ஸ்பீக்கப் மதர்போர்டு போர்ட்டோட ஹார்டுவேரை நேரா தொட்டுப் பேசிச்சு. 2017 வாக்குல அதை மாத்தி டிடிஒய் லேயர் (எல்லா சீரியல் போர்ட்டுக்கும் கெர்னல் வச்சிருக்கிற பொது வழி) வழியா போக வச்சாங்க, அதனாலதான் இப்ப யூஎஸ்பி ஓடுது. கெர்னல் 5.9ல, அதாவது 2020ல, ஸ்பீக்கப் ஸ்டேஜிங்ல (கெர்னல்ல இன்னும் தேறாத கோடு இருக்கிற இடம்) இருந்தும் வெளிய வந்துடுச்சு. 2010 வாக்குல எழுதின விளக்கத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க.

சொருகிட்டு டிமெசேஜ் (கெர்னல் எழுதுற செய்திகளைக் காட்டுற கமாண்ட், dmesg) பாருங்க, டிடிஒய் யூஎஸ்பி 0னு பேர் வந்திருக்கணும்.

ரெண்டாவது, ஸ்பீக்கப்பைத் தொடாம பெட்டியை மட்டும் சோதிக்கிறது. இதை யாரும் விடாதீங்க. பிரிண்ட்எஃப், ஸ்பேஸ், ஒற்றை மேற்கோளுக்குள்ள ஹலோ பின்சாய்வு ஆர், ஸ்பேஸ், கிரேட்டர் தேன் குறி, ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் டிடிஒய் யூஎஸ்பி 0. அந்த பின்சாய்வு ஆர் ரொம்ப முக்கியம். கேரியேஜ் ரிட்டர்ன் வர்ற வரைக்கும் இந்தப் பெட்டி எழுத்தை வாங்கி வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கும். எக்கோ கமாண்ட் கடைசியில நியூலைன்தான் அனுப்பும், அதோட கேரியேஜ் ரிட்டர்ன் சேருமாங்கிறது போர்ட் செட்டிங்கைப் பொறுத்தது, நான் எக்கோ போட்டுட்டு பெட்டி செத்துடுச்சுன்னு ஒரு நாள் முழுக்க துக்கம் அனுசரிச்சேன். ஸ்பீடு 9600, அதுதான் போர்ட்டோட டிஃபால்ட்டும், வேற எதாவது மாத்தி வச்சிருந்தா எஸ்டிடிஒய் கமாண்ட்ல பழையபடி வைங்க.

ஹலோ சொல்லிச்சா? எனக்கும் சொல்லிச்சு, பிரச்சினை ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான்.

மூணாவது, கெர்னல்ல டிரைவரை (மாட்யூல்) ஏத்துறது: மோட்ப்ரோப், ஸ்பேஸ், ஸ்பீக்கப் அண்டர்ஸ்கோர் எல்டிஎல்கே, ஸ்பேஸ், டெவ் ஈக்வல்டு டிடிஒய் யூஎஸ்பி 0. முன்னாடி ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எல்லாம் போடக்கூடாது, வெறும் பேர்தான். எல்டிஎல்கே மாட்யூல் லைட்டாக்குக்கும் டபுள்டாக் எல்டிங்கிற இன்னொரு பேசுற பெட்டிக்கும் சேர்த்து. டெக்டாக் எக்ஸ்பிரஸ் வச்சிருக்கிறவங்க அந்த இடத்துல டெக்டிஎல்கே போடணும். மினிகாம் மாதிரி எதாவது சீரியல் புரோகிராம் அந்தப் போர்ட்டைத் திறந்து வச்சிருந்தா மாட்யூல் ஏறாது. அதே மாதிரி ஸ்பீக்கப் பிடிச்சிருக்கிறப்போ நீங்க பிரிண்ட்எஃப் போட்டா டிவைஸ் பிஸின்னு வரும், பயப்படாம மாட்யூலை இறக்கிட்டுப் போடுங்க.

எனக்கு மாட்யூல் ஏறிச்சு, எரர் எதுவும் இல்ல, ஆனா சத்தம் துளி கூட இல்ல. நம்பர்பேட்ல 8 அடிச்சா இருக்கிற வரியைப் படிக்கணும், படிக்கல. மாட்யூலை இறக்கிட்டு கையால பிரிண்ட்எஃப் போட்டா ஜம்முனு ஹலோங்குது, திரும்ப ஏத்தினா ஊமை. கெர்னலை மாத்தினேன், டிஸ்ட்ரோவை மாத்தினேன், கன்வெர்ட்டரையும் இன்னொருத்தர்கிட்ட கடன் வாங்கிப் பார்த்தேன், அப்பவும் அதே கதைதான், வீட்டுல "அந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழு"ன்னு சொல்லிட்டாங்க.

டிமெசேஜைத் திரும்பப் படிச்சப்பதான் பிடி கிடைச்சுது. மாட்யூல் ஏறினதும் பெட்டியைப் பார்த்து "நீ எந்த வெர்ஷன்"னு ஒரு கேள்வி அனுப்பும், நல்லா இருந்தா ரோம் வெர்ஷன்னு ஒரு வரி உருப்படியா நம்பரோட விழும். எனக்கு அதுக்குப் பதிலா டைம்அவுட், வெயிட்டிங் ஃபார் இன்புட்னு இருந்துச்சு. அதாவது கேள்வியே பெட்டிக்குப் போய்ச் சேரல.

காரணம் இதுதான். ஸ்பீக்கப் போர்ட்டைத் திறந்ததும் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோலை ஆன் பண்ணிடுது. அப்படின்னா சிடிஎஸ்ங்கிற கம்பி வழியா பெட்டி "சரி அனுப்பு"ன்னு சொன்னாத்தான் ஒரு எழுத்தாவது வெளிய போகும். கையால பிரிண்ட்எஃப் போடுறப்போ அந்த ஃப்ளோ கண்ட்ரோல் ஆஃப், அதனால யாரையும் கேக்காம போயிடுது. நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில வாங்கின கேபிள்ல மொத்தமே மூணு கம்பிதான் இருந்திருக்கு, அனுப்புறது, வாங்குறது, கிரவுண்ட். சிடிஎஸ் கம்பியே இல்ல, பெட்டி சரின்னு சொன்னா யாருக்குக் கேக்கும்?

இதை நீங்களே சோதிக்கலாம், கண் தேவையில்ல. மல்டிமீட்டரை பீப் அடிக்கிற மோடுல வைங்க. ஒன்பது பின் கனெக்டர்ல ஓட்டை இருக்கிற பக்கம் (பெண் பக்கம்) கம்ப்யூட்டருக்குப் போறது, ஓட்டைக்குள்ள முனை போகலன்னா குண்டூசியைச் சொருகி அதுல தொடுங்க. கனெக்டர் ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல், அகலத்துல அஞ்சு, குறுகல்ல நாலு, விரல் நகத்தால எண்ணிடலாம். குறுகின வரிசையில 6, 7, 8, 9. அந்த 8தான் சிடிஎஸ். ஒரு முனையை 8ல வச்சுக்கிட்டு மறு முனையால பெட்டிப் பக்கத்துப் பின்களை ஒண்ணொண்ணா தடவிட்டு வாங்க, எங்கயாவது ஒரு இடத்துல பீப் வரணும். எந்தப் பின்னுங்கிறது கேபிளுக்குக் கேபிள் மாறும், எங்கயுமே வரலன்னா அந்தக் கேபிள் கொடி கட்டத்தான் ஆகும். என்னோடதுல 2, 3, 5 மூணும் கூவிச்சு, 8 கல்லு மாதிரி இருந்துச்சு. அதை எண்ணி எண்ணி மூணு தடவை பார்த்துட்டு, எங்க தெரு டிவி மெக்கானிக் அண்ணன்கிட்ட எல்லாப் பின்னும் சேர்த்த கேபிள் ஒண்ணு பத்த வைக்கச் சொன்னேன். சொருகி மாட்யூலை ஏத்தின உடனே பெட்டி ஸ்கிரீன்ல இருந்த கச்சடா எல்லாத்தையும் படபடன்னு படிக்க ஆரம்பிச்சுது, அண்ணன் பயந்துட்டார்.

வேகம் குரல் எல்லாம் ஸ்லாஷ் சிஸ் ஸ்லாஷ் ஆக்ஸசிபிலிட்டி ஸ்லாஷ் ஸ்பீக்கப் ஸ்லாஷ் எல்டிஎல்கே ஃபோல்டர்ல ரேட், பிட்ச், விஓஎல் (வால்யூமுக்கு)னு ஃபைலா இருக்கும், அதுல நம்பரை எக்கோ பண்ணினாப் போதும்.

அப்டேட்: உபுண்டு 22.04ல டிடிஒய் யூஎஸ்பி 0 வந்த உடனே மறைஞ்சு போகுதுன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. ரெண்டு பேரும் சிஎச்340 சிப் கன்வெர்ட்டர் வச்சிருக்காங்க (எஃப்டிடிஐ வாங்கச் சொன்னேனே!). பிரெயில் டிஸ்ப்ளேயை ஓட்டுற பிஆர்எல்டிடிஒய்ங்கிற புரோகிராம் அதை பிரெயில் டிஸ்ப்ளேன்னு நினைச்சுப் பிடிச்சுக்குது. எங்க தேடினாலும் பிஆர்எல்டிடிஒய்யைத் தூக்கிடுன்னுதான் சொல்றாங்க, பிரெயில் டிஸ்ப்ளே வச்சிருக்கிறவங்ககிட்ட அதைச் சொல்றது விரலை வெட்டிக்கோன்னு சொல்ற மாதிரி. பிஆர்எல்டிடிஒய்யோட யூடெவ் ரூல்ஸ் ஃபைலை (எந்த டிவைஸ் சொருகினா என்ன ஓடணும்னு சொல்றது) ஈடிசி பக்கம் யூடெவ் ரூல்ஸ் ஃபோல்டர்ல அதே பேர்ல காப்பி பண்ணி, அந்த சிப்போட ஐடியான 1ஏ86 / 7523ங்கிற வரியை மட்டும் கமெண்ட் ஆக்குங்க, போதும்.

இன்னொரு அப்டேட்: பூட் ஆகுறப்பவே பேசணும்னு மாட்யூல்ஸ் லோட் ஃபோல்டர்ல (பூட்ல ஏத்த வேண்டிய மாட்யூல் பட்டியல் இருக்கிற இடம்) பேர் எழுதி வச்சா சில நாள் பேசுது சில நாள் பேசலன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. யூஎஸ்பி கன்வெர்ட்டர் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே மாட்யூல் ஏறிடுது, போர்ட் இல்லன்னு விட்டுடுது. அங்க இருந்து எடுத்துடுங்க, டிடிஒய் யூஎஸ்பி வந்ததும் மோட்ப்ரோப் ஓடுற மாதிரி ஒரு யூடெவ் ரூல் எழுதுங்க. எனக்கு இந்த ரூல் போட்டதுல இருந்து லாகின் வர்றதுக்குள்ள பெட்டி பேசிடுது.