பூட்டிக் கெடக்குற வீட்டோட ஓனரைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

ஒரு வீடு ரொம்ப நாளா பூட்டியே கெடக்கு, விற்பனைக்குன்னு போர்டு இல்ல, எந்த சைட்லயும் லிஸ்டிங் இல்ல, ஆனா உங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. ஏஜென்ட்கிட்ட கேட்டா "அது மார்க்கெட்ல இல்லீங்க"ன்னு முடிச்சிடுவாங்க. ஆனா அந்த வீட்டுக்கான வரி நோட்டீஸ் யாரோ ஒருத்தருக்குப் போய்ட்டுதான் இருக்கும், அது எந்த அட்ரஸுக்குப் போகுதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. பேரை விட அந்த அட்ரஸ்தான் முக்கியம்.

ஸ்டெப் 1: நிஜமாவே காலியான்னு பாருங்க

லெட்டர் பாக்ஸ் பிதுங்கி வழியுதா, வாசல்ல புல்லு முழங்கால் உசரத்துக்கு நிக்குதா, ராத்திரி லைட் எரியுதான்னு ரோட்ல நின்னே பாருங்க, கேட்டைத் திறந்து உள்ள போகாதீங்க. கதவு நம்பர் இல்லன்னா பக்கத்து வீட்டு நம்பரையும் மேப்பையும் வச்சு சரியான அட்ரஸை உறுதி பண்ணிக்கோங்க, ஒரு நம்பர் தப்பினாலும் வேற யாரோ வீட்டு ரெக்கார்டைத்தான் படிச்சிட்டு இருப்பீங்க.

ஸ்டெப் 2: ரெக்கார்டைத் தேடுங்க

நாட்டுக்கு நாடு ஆபீஸ் பேரு மாறும். அமெரிக்கால கவுன்ட்டி அசெஸர் ஆபீஸ் (சொத்து வரிக்காக வீட்டு மதிப்பைக் கணக்குப் போடுற உள்ளூர் ஆபீஸ்) சைட்ல வீட்டு அட்ரஸைப் போட்டாலே நிறைய இடத்துல ஓனர் பேரு, பார்சல் நம்பர் (அந்த மனைக்கான அடையாள எண்), வரி நோட்டீஸ் போற மெயிலிங் அட்ரஸ் எல்லாம் வந்துடும். வீட்டு அட்ரஸும் மெயிலிங் அட்ரஸும் வேற வேறயா இருந்தா சந்தோஷப்படுங்க, ஓனர் அந்த மெயிலிங் அட்ரஸ்ல இருக்க வாய்ப்பு அதிகம். பார்சல் நம்பரை எழுதி வச்சுக்கோங்க, எந்த ஆபீஸுக்குப் போனாலும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.

இங்கிலாந்துல எச்எம் லேண்ட் ரெஜிஸ்ட்ரில (அரசாங்க சொத்துப் பதிவு ஆபீஸ்) ஃபீஸ் கட்டி, ஓனர் யாருன்னு காட்டுற டைட்டில் ரெஜிஸ்டர் வாங்கலாம், 1990 டிசம்பர்ல இருந்து யார் வேணா பாக்கலாம். ரொம்பக் காலமா கைமாறாத வீடுன்னா ரெஜிஸ்டரே ஆகாம இருக்கலாம், அப்போ அக்கம்பக்கத்துல விசாரிக்கிறதுதான் வழி.

ஸ்டெப் 3: பேருக்குப் பின்னாடி யாருன்னு பாருங்க

ஓனர் இடத்துல கம்பெனி பேரு இருந்தா கம்பெனி பதிவு ரெக்கார்டுக்குப் போங்க. பிரிட்டன்ல கம்பெனீஸ் ஹவுஸ் சைட்ல இயக்குநர்கள் பேரு ஃப்ரீயாவே கெடைக்கும், அமெரிக்கால பெரும்பாலான மாநிலத்துல செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் சைட்ல ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் (கம்பெனி சார்புல சட்டக் கடிதங்களை வாங்கிக்கிறவர்) அட்ரஸ் இருக்கும்.

ஓனர் இறந்துட்டாருன்னு தெரிஞ்சா புரோபேட் கோர்ட் (உயில், இறந்தவங்க சொத்து விஷயத்தைப் பாக்குற கோர்ட்) ரெக்கார்டைப் பாருங்க. அதுல சொத்தைப் பாத்துக்கிற எக்ஸிகியூட்டர் பேரு வரும், நீங்க பேச வேண்டியது அவங்ககிட்டதான். வாரிசுகளுக்குள்ள ஒத்துப்போகாம வீடு அப்படியே நிக்கிறதும் உண்டு, அங்க அவசரப்படுத்தாதீங்க, துக்கத்துல இருக்கிறவங்க அவங்க.

ஸ்டெப் 4: பக்கத்து வீட்ல கேளுங்க

என்னைக் கேட்டா எந்த ரெக்கார்டை விடவும் இது பெருசு. பையன் வெளியூர்ல இருக்கான், அம்மா முதியோர் ஹோம்ல இருக்காங்க, மாசம் ஒரு தடவை யாரோ வந்து புல்லு வெட்டிட்டுப் போறாங்கன்னு எந்த சைட்லயும் எழுதியிருக்காது, எதிர்வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். ஆனா எடுத்த எடுப்புல ஓனர் போன் நம்பரைக் கேக்காதீங்க, யாரா இருந்தாலும் உஷாராயிடுவாங்க. உங்க பேரும் நம்பரும் எழுதின துண்டுச்சீட்டைக் குடுத்து "அவங்ககிட்ட பேசினா இதைக் குடுத்துடுங்க, போதும்"னு சொல்லிட்டு வாங்க. அடுத்தவங்க விவரத்தை நாம புடுங்கல, முடிவு ஓனர் கைல இருக்கு.

ஸ்டெப் 5: லெட்டர் போடுங்க

கையால எழுதுங்க, அரைப் பக்கம் போதும். நீங்க யாரு, எந்த வீடு, வாங்கவா வாடகைக்கா, எப்படித் தொடர்பு கொள்ளலாம், அவ்வளவுதான். வரி பாக்கி, இடிஞ்ச சுவர் இதெல்லாம் எழுதினா மிரட்டுற மாதிரி இருக்கும். அமெரிக்கால கவர் மேல "ரிட்டர்ன் சர்வீஸ் ரிக்வெஸ்டட்"னு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினா, அவங்க வீடு மாறியிருந்தாலும் லெட்டர் திரும்பி வரும்போது தபால் ஆபீஸ்ல பதிஞ்ச புது அட்ரஸ் இருந்தா அதுவும் ஒட்டி வரும். சில வாரம் கழிச்சு இன்னொண்ணு போடலாம், "வேண்டாம்"னு சொல்லிட்டா அதோட விட்டுடணும்.

பதில் வந்ததும் உடனே பணப் பேச்சுக்குப் போயிடாதீங்க. காலி வீட்டுக்கு நான்தான் ஓனர்னு சொல்லி ஏமாத்துறவங்க நெறைய பேர். ஐடில இருக்கிற பேரும் ரெக்கார்டுல இருக்கிற பேரும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, ரெக்கார்டுல இருக்கிற அட்ரஸுக்கே இன்னொரு லெட்டர் போட்டு "பேசினது நீங்கதானா"ன்னு கேளுங்க, அட்வான்ஸ் எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமாத்தான் குடுக்கணும்.