ஸ்டியரிங் கோளாறா? கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன்

மும்பைக்கு அருகே பிவண்டி கிடங்குகளில் ரீச் டிரக் (உயர அடுக்குகளில் சரக்கை ஏற்றி இறக்கும் மின்வண்டி) ஓட்டும் நம்மவர்களுக்கு மழைக்காலத்தில் உதவும் குறிப்பு இது. மின்னணு ஸ்டியரிங்கில் கைச்சக்கரத்தையும் கீழ்ச்சக்கரத்தையும் இணைக்கும் இரும்புத்தண்டு கிடையாது. மேலேயும் கீழேயும் உள்ள சென்சார்கள் சொல்வது ஒத்துப்போகாவிட்டால், வண்டியின் மின்னணு மூளையான கன்ட்ரோலர் வேகத்தைக் குறைக்கும் அல்லது வண்டியையே நிறுத்திவிடும்.

திரையில் வரும் பிழை எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை அணைத்து அணைத்துப் போடுவது வைத்தியம் ஆகாது. ஃபோர்க்கை, அதாவது சுமை தூக்கும் கரங்களை, தரைக்கு இறக்கி, சாவியை எடுத்து, பேட்டரி பிளக்கைக் கழற்றுங்கள். தேங்கிய மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் பொறுங்கள்.

இனி டார்ச் அடித்து, கீழ்ச்சக்கரமான டிரைவ் சக்கரத்தின் மேற்புறத்தைப் பாருங்கள். பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் கயிறாக முறுக்கிக்கொண்டு சென்சார் வயரை இழுத்திருக்கலாம்; கிடங்கில் இதற்கா பஞ்சம்! கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பின்னின் பூச்சு போய்விடும்.

பேட்டரி வலுவிழந்தாலும் இந்தக் கோளாறு வரலாம். அதைச் சும்மா நிற்கும்போது மட்டும் அளந்தால் போதாது; சுமை தூக்கும்போது மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சென்சாரை மாற்றினால், சக்கரத்தின் நேர்நிலையைச் சர்வீஸ்காரர் மீண்டும் பதிவு செய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.