கேஜ் இல்லாத தீயணைப்பு சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த நாளே, சேலத்தில் நான் மெயின்டெனன்ஸ் பார்க்கும் மருத்துவமனையிலும் உத்தரவு வந்துவிட்டது: "எல்லா சிலிண்டரையும் செக் பண்ணி லிஸ்ட் குடுங்க." கொடுத்தேன். அதில் பாதி தப்பு. நீங்கள் அப்படிக் கொடுக்காமல் இருக்க இது.

முதலில் ஏபிசி பவுடர் சிலிண்டர், அதாவது தீயின் மேல் உலர்ந்த பொடியைப் பீய்ச்சுவது. இது சுலபம். பிரஷர் காட்டும் கேஜின் முள் பச்சையில் நிற்கிறதா, சேஃப்டி பின்னும் சீலும் இருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். நாசிலுக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். எங்கள் ஜெனரேட்டர் ரூமில் ஒன்றைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. பவுடர் இறுகாமல் இருக்க ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி வையுங்கள்.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். யுபிஎஸ், பேனல் போர்டு பக்கம் கறுப்புக் குழல் வைத்து நிற்குமே, அதுதான். இதில் கேஜ் கிடையாது. உள்ளே கேஸ் திரவமாக இருப்பதால், திரவம் தீரும்வரை பிரஷர் பெரிதாகக் குறையாது. வீட்டில் கேஸ் தீரப்போகிற நாளிலும் அடுப்பு வழக்கம்போல எரிகிறதே, அதே கதை. எனவே எடை போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நான் சர்வீஸ் டேக்கில் தேதியைப் பார்த்து டிக் போட்டவன். சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஒன்றை நகர்த்திய வார்டு பாய்தான், "சார், இது என்ன பூ மாதிரி லேசா இருக்கு?" என்றார்.

சரி என்று ஓபியில் நோயாளிகளை நிறுத்தும் எடை மெஷினுக்குத் தூக்கிப் போனேன். அது வேண்டாம். 4.5 கிலோ கேஸில் பத்து சதவீதம், அதாவது 450 கிராம் குறைந்தாலே ரீஃபில் செய்ய வேண்டும். அந்த மெஷின் அரை கிலோ அரை கிலோவாகத்தான் காட்டும். பழைய பேப்பர்காரர் கொக்கியில் மாட்டி நிறுப்பாரே, அந்த டிஜிட்டல் தராசு வாங்குங்கள். என் கணக்கில் இதைவிட நல்ல கருவி இல்லை.

தராசு வந்த பிறகும் சறுக்கினேன். பெரும்பாலான சிலிண்டர்கள் இருக்கவேண்டிய எடைக்கு மேல் காட்டின! எங்கள் சிலிண்டர்களில் அடித்திருந்த வெற்று எடையில் ஹோஸும் குழலும் சேரவில்லை. நானோ அவற்றோடு தொங்கவிட்டிருந்தேன். சேஃப்டி பின் இருப்பதை உறுதி செய்துகொண்டு ஹோஸைக் கழற்றி நிறுங்கள். ஒன்றில் வெற்று எடை 9.8, கேஸ் 4.5, ஆக 14.3 இருக்க வேண்டும். தராசு 12.6 காட்டியது. டேக்கில் தேதி மட்டும் பிரமாதமாக இருந்தது.

எடையை சிலிண்டர் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். ரீஃபிலுக்கு ஒரு மாடி முழுவதையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். எடுத்த இடத்தில் ஸ்பேர் வையுங்கள். திரும்பி வந்ததும் கொண்டுவந்தவர் எதிரிலேயே நிறுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. எம்ஆர்ஐ அறை உங்கள் பொறுப்பில் இருந்தால் இரும்பு சிலிண்டரோடு அதன் வாசலைத் தாண்டாதீர்கள், காந்தம் பிடுங்கி இழுத்துவிடும். காந்தம் ஒட்டாத சிலிண்டர்தான் அங்கே ஆகும்.

பின்சேர்க்கை: ஏற்காட்டில் ஒரு கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் இதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். எடை எல்லாம் சரியாம், ஆனால் தரையில் ஈரம் படுவதால் அடிவளையம் துருப்பிடித்து உதிர்கிறதாம். போட்டோ அனுப்பச் சொன்னேன். நகத்தால் சுரண்டினால் செதில் வருகிற நிலை. அவற்றை ரீஃபிலுக்கு அனுப்பாமல் கழித்துவிடச் சொன்னேன். புதிதாக வருபவற்றுக்கு முதலில் சுவரில் பிராக்கெட் அடித்துக்கொண்டிருக்கிறார்.